வெள்ளிக்கிழமைத் தலைக்குளியல்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் நல்லெண்ணெய் மணக்கும். அம்மா இரும்புக் கரண்டியில் எண்ணெயோடு மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சுவார். உச்சியில் வைத்து, முதுகெல்லாம் தேய்த்து, கடைசியில் காதுக்கு இரண்டு சொட்டு. எனக்கும் அண்ணனுக்கும் அப்படித்தான். என் மகளுக்கும் அப்படித்தான் நடந்துவந்தது. அவள் காதில் குரோமெட் என்ற சின்னக் குழலை வைத்துக் கூட்டிவந்த வாரமும் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். "காதுக்கு மட்டும் வேண்டாங்கம்மா" என்றேன். "காஞ்சு போயிருமே கண்ணு" என்றார். அவர் குரலில் பிடிவாதம் இல்லை, பயம்தான் இருந்தது.

அந்தப் பயம் அண்ணனிடமிருந்து வந்தது. 1980களில் ஈரோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக் காதில் சீழ் வடிவதை யாரும் நோயாகவே எண்ணவில்லை. துணியைத் திரித்துத் துடைப்பார்கள், எண்ணெய் விடுவார்கள், மறுநாள் அண்ணன் கிணற்றில் குதிப்பான். அவனுடைய ஒரு காதில் செவிப்பறை தானாகக் கிழிந்து, கிழிந்த இடம் மூடாமலே நின்றுவிட்டது. வகுப்பில் கேட்ட கேள்விக்குப் பதில் வராது. வாத்தியார் காதைத் திருகுவார், அதுவும் அந்தக் காதையே. இன்றைக்கும் அவன் போனை வலது காதில்தான் வைக்கிறான்.

மகள் யு.கே.ஜி. படிக்கையில், கூப்பிட்டால் திரும்புவதே இல்லை என்று மிஸ் சொன்னார். எனக்கு அண்ணன் முகம்தான் தெரிந்தது. அவளுக்குச் சீழ் இல்லை, வலி இல்லை. வாயைத் திறந்துகொண்டு தூங்குவாள், டி.வி. சத்தத்தைக் கூட்டுவாள், அவ்வளவுதான். மூக்கின் பின்புறத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருக்கும். அது அடைத்துக்கொண்டால் செவிப்பறைக்குப் பின்னால் கோழை போன்ற நீர் தங்கிவிடுகிறது. பல பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்குள் தானாக வடிந்துவிடும் என்பதால் டாக்டர் முதலில் காத்திருக்கச் சொன்னார். வடியவில்லை. செவிப்பறையில் சின்னதாகக் கீறி, நீரை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் குரோமெட் குழலைப் பொருத்தினார்கள். அரிசியில் பாதிகூட இராது. அமெரிக்க மருத்துவர் ஆம்ஸ்ட்ராங் 1954இல் எழுதிய முறை. அண்ணன் பிறக்கும் முன்பே இருந்த வைத்தியம் எங்கள் ஊருக்கு வந்துசேரவில்லை என்பது இன்றும் ஆறவில்லை.

மயக்கம் தெளிந்து ஒரே அழுகை. சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு குக்கர் விசில் அடித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு மேலே பார்த்து, "அம்மா, ஃபேன் ஏன் பேசுது?" என்றாள். அந்த ஃபேன் அவள் பிறந்ததிலிருந்தே ஓடுகிறது.

முதல் ஓரிரு நாள் காதிலிருந்து இளஞ்சிவப்பாகக் கொஞ்சம் கசியலாம். டாக்டர் தந்த சொட்டு மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கித்தான் விட வேண்டும். சில்லென்று விட்டால் தலை சுற்றும். விட்டபின் காதின் முன்புறச் சின்ன மடலை நாலைந்து தடவை அழுத்தினால் மருந்து குழல் வழியே உள்ளே இறங்கும். வீட்டில் கிடக்கும் பழைய மருந்தையோ கடையில் கேட்டு வாங்கியதையோ விடவே கூடாது. சில வகை மருந்துகள் அந்தத் துளை வழியாகப் போய் உள்காதைக் கெடுக்கும். பட்ஸும் கூடாது.

தண்ணீர் விஷயத்தில்தான் அம்மாவோடு நிறையப் பேச வேண்டியிருந்தது. வெறும் தண்ணீர் அவ்வளவு சின்னத் துளைக்குள் லேசில் நுழையாது. சோப்பு, ஷாம்பு கலந்தால் நுழையும். நுரைக்கும் சிகைக்காயும் அப்படித்தான். பஞ்சில் வாஸலைன் தடவிக் காது வாயில் வைத்துத் தலைக்கு ஊற்றச் சொன்னேன். கிணறு, வாய்க்கால், முங்குநீச்சல் எதுவும் வேண்டாம் என்றதும் அம்மா சட்டென்று ஒத்துக்கொண்டார். அவருக்கு அந்தக் கிணறு ஞாபகம் வந்திருக்கும்.

சில மாதம் கழித்துச் சளி பிடித்தபோது தலையணையில் மஞ்சளாகப் படிந்திருந்தது. "அவனுக்கு ஆன மாதிரியே இருக்குது" என்று அம்மா உட்கார்ந்துவிட்டார். உள்ளே தேங்கியிருக்க வேண்டியது குழல் வழியாக வெளியே வருகிறது, வலிக்காமல் வருகிறது என்றார் டாக்டர். காய்ச்சல் இல்லாததால் மாத்திரைகூடத் தரவில்லை, சொட்டு மருந்திலேயே நின்றது. ஒரு பக்கக் குழல் இப்போது தானாக விழுந்துவிட்டது. 6 முதல் 18 மாதத்துக்குள் அப்படி விழுவதுதான் வழக்கம். துளை மூடியதா என்று பார்க்கவும் கேட்கும் திறனைச் சோதிக்கவும் தவறாமல் போகவேண்டும்.

கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே கூட்டிப்போய்க் காதைக் காட்டுங்கள்.