ருமேனியாவில் சண்டை இல்லம்மா

இரண்டு வருடமாக மனதில் கிடந்த ஒன்றை இன்று எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட தம்பியிடம் அனுமதி வாங்கிவிட்டேன்.

பத்தாம் வகுப்பில் என்னிடம் புவியியல் படித்த அனைவருக்கும் நினைவிருக்கும். "உலகின் ரொட்டிக்கூடை எது?" என்று கேட்பேன். "உக்ரைன் சார்!" என்று வகுப்பே கத்தும். அங்குள்ள செர்னோசம் மண்ணை நம் கோவில்பட்டிக் கரிசலோடு ஒப்பிட்டுச் சொல்வேன். நிறம் கறுப்புதான், ஆனால் அது மட்கு நிறைந்த மண் என்பேன். மண், மழை, விளைச்சல். அதோடு பாடம் முடிந்துவிடும். விளைந்த தானியம் எப்படி வெளியே வருகிறது என்று நான் சொல்லித்தந்ததே இல்லை.

2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் கருங்கடல் துறைமுகங்கள் அடைபட்டன. சுமார் 2 கோடி டன் தானியம் கிடங்குகளிலேயே தேங்கியது. மார்ச் மாதம் உலக உணவு விலைக் குறியீடு அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. ஆனால் விளைவித்த உக்ரைன் விவசாயிக்கோ விலை விழுந்தது. வெளியே கொண்டுபோகும் செலவே லாபத்தைத் தின்றுவிட்டது. ரயிலில் அனுப்பலாமே என்றால், அங்கே தண்டவாள அகலம் 1520 மி.மீ.; எல்லை தாண்டினால் 1435 மி.மீ. ஒன்று சக்கரத்தை மாற்ற வேண்டும், இல்லையென்றால் தானியத்தையே வேறு வண்டிக்கு மாற்ற வேண்டும். ஒரு கப்பல் சுமப்பதைக் கொண்டுபோக எத்தனை ரயில் வேண்டும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 22 அன்று இஸ்தான்புல்லில் ஐ.நா.வும் துருக்கியும் முன்னின்று ஒரு உடன்பாடு செய்தார்கள். ரஷ்யாவும் உக்ரைனும் ஒரே தாளில் கையெழுத்திடவில்லை; தனித்தனித் தாளில் இட்டார்கள். மறுநாளே ஒடேசா துறைமுகத்தில் ஏவுகணை விழுந்தது. ஜூலை 31 அன்று, அந்நாட்டின் பெரிய தானிய நிறுவனங்களில் ஒன்றான நிபுலோனைத் தொடங்கிய ஒலெக்சி வதாதூர்ஸ்கியும் அவர் மனைவியும் மிக்கோலாயிவில் தங்கள் வீட்டிலேயே குண்டுவீச்சில் இறந்தார்கள். அதற்கு அடுத்த நாள், ஆகஸ்ட் 1 அன்று, ரசோனி என்ற முதல் கப்பல் 26,000 டன் மக்காச்சோளத்தோடு ஒடேசாவை விட்டுக் கிளம்பியது. வரவேண்டிய சரக்கு ஐந்து மாதம் தாமதம் என்று லெபனானில் வாங்க வேண்டியவர் மறுத்துவிட்டார். போரில் தப்பி வந்த சரக்குக்கும் வியாபாரக் கணக்கு விதிவிலக்கு தரவில்லை.

இதெல்லாம் எனக்குச் செய்தியாகத்தான் இருந்தது. அந்த வருடத் தீபாவளி கழிந்த வாரம் ஒரு போன் வந்தது. நம் பள்ளியில் படித்து, சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீஸராக இருக்கும் தம்பி.

"சார், இஸ்தான்புல் பக்கத்துல நங்கூரம் போட்டு நிக்கோம். சோதனை முடிஞ்சதும் சோர்னோமோர்ஸ்க் போறோம். அம்மாட்ட சொல்லிராதீங்க. கான்ஸ்டான்சா போறேன்னு சொல்லியிருக்கேன்."

"மாட்டேன்னு சொல்ல உரிமை இல்லையாப்பா?"

"இருக்கு சார். போர்ப் பகுதின்னா இறங்கிக்கலாம், கம்பெனி செலவுல ஊருக்கு அனுப்பிருவாங்க. போனா அந்த நாளுக்கு அடிப்படைச் சம்பளம் ரெட்டிப்பு. தங்கச்சி கல்யாணக் கடன் இருக்குல்லா சார்."

அக்டோபர் 29 அன்று ரஷ்யா உடன்பாட்டில் பங்கேற்பதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் காத்து நின்றன. அதில் அவன் கப்பலும் ஒன்று. அந்த நாட்களில் ஒரு மாலை, மளிகைக் கடையில் அவன் அம்மாவைப் பார்த்தேன்.

"ஏன் சார், கான்ஸ்டான்சா ருமேனியாவுலதான இருக்கு? அங்க சண்டை ஒண்ணும் இல்லையே?"

"ருமேனியாவுல சண்டை இல்லம்மா" என்றேன்.

சொன்னது சரியான விடைதான். புவியியல் தாளில் முழு மதிப்பெண் கிடைக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 2 அன்று ரஷ்யா திரும்ப வந்தது. அவன் கப்பலும் போய், மக்காச்சோளம் ஏற்றித் திரும்பியது. ஊருக்கு வந்தபோது சொன்னான்: "சைரன் அடிச்சா துறைமுகத்து ஆட்கள் பதுங்கு அறைக்கு ஓடுவாங்க சார். நின்னதும் வந்து விட்ட இடத்துல இருந்து ஏத்துவாங்க. நான் ரெண்டு மூணு நாளு. அவங்களுக்குத் தினமும்." இஸ்தான்புல்லில் ரஷ்யரும் உக்ரைனியரும் ஒரே சோதனைக் குழுவில் கப்பலேறி, ஒருவரோடொருவர் பேசாமல் வேலை பார்த்ததையும் சொன்னான்.

அந்த உடன்பாடு 2023 ஜூலை 17 அன்று முடிவுக்கு வந்தது. அதற்குள் ஏறக்குறைய 3 கோடியே 30 லட்சம் டன் வெளியேறியிருந்தது. பிறகு உக்ரைனே ருமேனியா, பல்கேரியா கரையை ஒட்டி ஒரு வழியைத் திறந்தது. இத்தனை டன்னையும் ஏற்றி இறக்கியது மனிதர்கள். "போகிறேன்" என்று யாரோ ஒருவர் சொல்லாவிட்டால் எவ்வளவு விளைந்தாலும் அது கிடங்கில் கிடக்கும் மணிதான். என் பாடத்தில் விட்டுப்போன பகுதி இது.

அவன் அம்மாவிடம் அவனே எல்லாம் சொல்லிவிட்டான். அடுத்த முறை பார்த்தபோது அவர் கேட்டார்: "உங்களுக்கு அப்பவே தெரியுமா சார்?"

"தெரியும்மா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இனிமே எங்கிட்ட சொல்லிருங்க சார். தெரிஞ்சா சாமியக் கும்பிட்டுட்டாவது இருப்பேன்" என்றார்.

கடலில் இருக்கும் என் பிள்ளைகளே, நீங்கள் போகும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது உண்மையாகச் சொல்லிவிட்டுப் போங்கள். என்னிடம் ரகசியம் சொல்லி வைக்காதீர்கள். இனி நான் காப்பாற்ற மாட்டேன்.