சிட்லிங்கில் பிள்ளை வளரும் விதம்

அரூரில் இருந்து கோட்டப்பட்டி வழியாகப் போனால், ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் சிட்லிங். சித்திலிங்கி என்றும் சொல்கிறார்கள். சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தாக்கு. இங்கே அதிகம் வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு கேரளாவை நினைத்துவிடக் கூடாது. இவர்கள் பேசுவது தமிழ். பக்கத்திலேயே லம்பாடித் தாண்டாக்களும் இருக்கின்றன.

1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி இங்கே வந்தபோது, பிறக்கும் 1,000 குழந்தைகளில் 147 பேர் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலுமே உயிரைப் பறித்தன. ஆபரேஷன் என்றால் சேலத்துக்கு ஓட வேண்டும். தம்பதி ஒரு குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கினார்கள். அது இன்று பெரிய ஆஸ்பத்திரி.

ஆனால், பிள்ளைகளைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரிக் கட்டடம் மட்டுமல்ல. அதிகம் படிக்காத ஊர்ப் பெண்களையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதே, பேதியானால் உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடு, மாசமாக இருக்கும்போது வயிறாரச் சாப்பிடு... வெள்ளைக் கோட்டு சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், பக்கத்து வீட்டு அக்கா சொன்னால் கேட்டார்கள். சிசு மரணம் பிற்பாடு 20-ஐ ஒட்டி இறங்கியது.

உயிர் பிழைத்த பிள்ளை நன்றாக வளர வேண்டுமே! அடுத்த கவலை அதுதான். எடை பார்ப்பது, சத்துமாவு, முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் அங்கன்வாடியில் உண்டு. வீட்டில் லம்பாடி மொழி கேட்டு வளரும் குழந்தைக்குத் தமிழ்ப் பாட்டு பழகும் இடமும் அதுவே. ஆனால், அங்கன்வாடி நேரம் முடிந்தால் பிள்ளை வீட்டுக்குத்தானே வரவேண்டும்? வீட்டுப் பானையில் என்ன இருக்கிறது, அம்மா ஊரில் இருக்கிறாளா என்பதெல்லாம் அங்கன்வாடிக்கு வெளியே உள்ள விஷயம்.

மலைக்காட்டில் ஒரு காலத்தில் ராகியும் சாமையும் தினையும்தான். பணப்பயிர் வந்ததும் ரேஷன் அரிசியே முழுச் சாப்பாடாகிப் போனது. பிழைப்புக்காகத் திருப்பூர்ப் பக்கம் போன அம்மா அப்பாக்கள், பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுப் போனார்கள். பாட்டி பாசமாகத்தான் வளர்ப்பாள். ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு ராத்திரியில் அம்மா வேண்டும்.

இதனால்தானோ என்னவோ, டாக்டர்கள் மருந்தோடு நிற்காமல் வயலுக்கும் போனார்கள். இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது. சிறுதானியம் திரும்பி வந்தது. லம்பாடிப் பெண்கள், பாட்டிமார்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த கைத்தையலைக் கற்றுக்கொண்டு 'போர்கை' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று அர்த்தம். ஊரை விட்டுப் போகாமலே கையில் காசு வருகிறது. பிள்ளையும் பக்கத்திலேயே இருக்கிறது.

சிட்லிங் போகிறவர்கள், குழந்தைகளுக்கு என்று சிப்ஸ் பாக்கெட்டும் கலர் மிட்டாயும் வாங்கிப் போக வேண்டாம். அங்கே விளைந்த ராகியையும் சாமையையும் வாங்கி வந்து, உங்கள் வீட்டுக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள்.