டென்மார்க்கின் தனிவழிச் சிந்தனையாளர்

டென்மார்க் என்றவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருபவர் ஆண்டர்சன்தான். அழகற்ற வாத்துக்குஞ்சும், தீக்குச்சி விற்ற சிறுமியும் நாம் தொடக்கப் பள்ளியிலேயே பழகிய தோழர்கள். அதே கோபன்ஹேகன் நகரில், அதே காலத்தில், இன்னொருவரும் தெருத்தெருவாக நடந்து, கண்டவர்களோடெல்லாம் பேசிக்கொண்டிருந்தார். 1838-இல் வெளிவந்த அவருடைய முதல் நூலே ஆண்டர்சனின் நாவல் ஒன்றைக் கடுமையாகக் குறை கூறி எழுதியதுதான்! அவர் பெயர் சோரன் கீர்க்ககார்ட். டேனிஷ் மொழியில் அப்பெயர் கோயில் நிலத்தைக் குறிக்கும். கல்லறைத் தோட்டம் என்றும் பொருள் கொள்ளலாம். அவருடைய வாழ்க்கையைப் படித்தபின், பெயர் பொருத்தமானதே என்று எங்களுக்குத் தோன்றியது.

மேல்நிலை வகுப்பில் பயிலும் நாங்கள் நால்வர் அவருடைய நூல்கள் சிலவற்றை ஆங்கில மொழிபெயர்ப்பில் சேர்ந்து படித்தோம். புரிந்த பகுதிகளும் உண்டு. புரியாமல் தாண்டிச் சென்ற பக்கங்களும் உண்டு. இவரைப் பற்றி மலருக்கு எழுதுவது என்று தீர்மானித்தபோது எங்களுக்குள் ஒற்றுமை நிலவியது. எழுத உட்கார்ந்தபோது அது போயிற்று. காரணம், ரெகினா என்னும் ஒரு பெண். அவளைப் பற்றிச் சொல்லுமுன் அவருடைய தந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

தந்தை மிக்கேல், ஜட்லாந்துப் பகுதியில் பரம ஏழையாகப் பிறந்தவர். ஆடு மேய்க்கும் சிறுவனாக இருந்தபோது ஒருநாள், குளிரும் பசியும் தாளாமல் ஒரு மேட்டின்மேல் ஏறி நின்று கடவுளைச் சபித்தார். பின்னர் தலைநகருக்கு வந்து, கம்பளித் துணி வணிகத்தில் பெருஞ்செல்வரானார். 40 வயதிலேயே தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆயினும் அந்தச் சாபத்தை அவர் ஒருநாளும் மறக்கவில்லை. என்றாவது தண்டனை வரும், தம் பிள்ளைகள் ஒருவரும் ஆண்டவர் இயேசு உயிர்நீத்த வயதைத் தாண்டி வாழமாட்டார்கள் என்ற அச்சம் அந்த வீட்டின்மேல் கருமேகம்போல் கவிந்திருந்தது. 1813 மே 5-ஆம் நாள் பிறந்த சோரன் ஏழாவது, கடைசிப் பிள்ளை. அப்போது தந்தைக்கு வயது 56. 1834-ஆம் ஆண்டு முடிவதற்குள் பிள்ளைகளில் ஐவரும் தாயும் இறந்துவிட்டனர். அண்ணன் பீட்டரும் சோரனுமே எஞ்சினர். தமக்கு 34 வயது நிறைந்தபோது, தாம் இன்னும் உயிரோடிருப்பதைச் சோரனால் நம்பவே முடியவில்லை.

அந்தத் தந்தையிடமும் ஓர் அழகான வழக்கம் இருந்தது. வெளியே செல்ல அனுமதி கேட்டால் மறுத்துவிட்டு, மகனின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள்ளேயே நடப்பாராம். இதோ கடற்கரை, இதோ தெருவில் வண்டி, இதோ பழக்காரி என்று அவர் சொல்லச் சொல்ல, சிறுவனுக்கு ஊரையே சுற்றி வந்த களைப்பு வந்துவிடுமாம். கதை மாந்தன் ஒருவனுக்கு நடந்ததாக கீர்க்ககார்ட் இதை எழுதிவைத்தார். அது அவருடைய சொந்தச் சிறுவயதே என்பது அறிஞர் கருத்து. தந்தையைப் பற்றி இவ்வளவு எழுதியவர், தாயைப் பற்றி எழுதவேயில்லை. பணிப்பெண்ணாக அந்த வீட்டிற்கு வந்து, முதல் மனைவி இறந்தபின் இல்லத்தரசியாகி, ஏழு பிள்ளைகளைப் பெற்ற ஆன்னா அம்மையாருக்கு மகனின் எழுத்தில் இடமில்லை. எங்கள் நால்வருக்கும் இது பிடிக்கவில்லை.

இனி ரெகினா. 1837-இல் ஒரு நண்பர் குடும்பத்தின் வீட்டில் அவர் ரெகினா ஓல்சனைச் சந்தித்தார். அவளுக்கு 15 வயது, அவருக்கு 24. 1840 செப்டம்பரில் இருவருக்கும் நிச்சயதார்த்தம் நடந்தது. மறுநாளே, தவறு செய்துவிட்டோம் என்று உள்ளுக்குள் உணர்ந்ததாகக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். 1841 ஆகஸ்டில் மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார். ரெகினா எளிதில் விட்டுவிடவில்லை. கிறிஸ்துவின் பெயராலும், இறந்துபோன அவருடைய தந்தையின் பெயராலும் தன்னைக் கைவிட வேண்டாம் என்று மன்றாடினாள். அவளுடைய தந்தையும் வந்து கெஞ்சினார். கீர்க்ககார்டோ அந்த இரண்டு மாதங்களும் அன்பில்லாத அற்பனாகவே நடந்துகொண்டார். தம்மை வெறுத்துவிட்டால் அவள் துன்பமின்றி விலகிவிடுவாள் என்பது அவர் போட்ட கணக்கு. அக்டோபரில் எல்லாம் முறிந்தது. அவர் பெர்லினுக்குக் கப்பலேறினார். இரவெல்லாம் அழுததை அவருடைய குறிப்பேடுதான் சொல்கிறது.

இங்கேதான் எங்களுக்குள் சண்டை. தந்தையிடமிருந்து வந்த மனச்சோர்வு தம்மை விடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 19 வயதுப் பெண்ணை அந்த இருளுக்குள் இழுத்துச் செல்ல அவர் மனம் ஒப்பவில்லை. அது அன்புதான் என்றனர் இருவர். இருளுக்குள் வர அவள் சம்மதித்திருக்கலாமே, அவளிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டாரா என்றனர் மற்ற இருவர். அவர் கேட்கவில்லை. அதுதான் உண்மை.

1843-இல் அவர் எழுதிக் குவித்தார். அவ்வாண்டு வெளிவந்த 'அச்சமும் நடுக்கமும்' என்ற நூல், ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட மோரியா மலைக்குச் சென்ற நிகழ்ச்சியைப் பற்றியது. ஞாயிறு மறைக்கல்வியில் அந்த நிகழ்ச்சியின் முடிவு நமக்கு முன்பே தெரியும். ஆட்டுக்கடா வந்துவிடும் என்று நிம்மதியாகக் கேட்கிறோம். ஆபிரகாமுக்கு அது தெரியாது. மூன்று நாள் பயணத்தில் அவர் யாரிடமும் பேச முடியாமல் நடந்ததை எண்ணிப் பாருங்கள் என்று கீர்க்ககார்ட் நம்மைப் பிடித்து நிறுத்துகிறார். நூலின் தொடக்கத்தில் அதே நிகழ்ச்சியை நான்கு விதமாகக் கற்பனை செய்கிறார். ஒன்றில், ஆபிரகாம் தம்மையே கொடியவராகக் காட்டிக்கொள்கிறார். மகன் தந்தையின்மேல் நம்பிக்கை இழந்தாலும் கடவுள்மேல் இழக்கக்கூடாது என்பதற்காக. இதைப் படித்ததும் நாங்கள் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இது ரெகினாவுக்கு எழுதிய விளக்கம் அல்லாமல் வேறென்ன? அந்நூலில் தம் பெயரைக்கூட அவர் போடவில்லை. மௌனத்தின் யோவான் என்னும் பொருள்படும் புனைபெயரையே இட்டார்.

அவ்வாண்டே தம் சொந்தப் பெயரில் சிறு ஞான உரைகளையும் வெளியிட்டு, அவற்றைக் காலமான தந்தைக்குக் காணிக்கையாக்கினார். முன்னுரையில், 'அந்தத் தனி ஒருவர்' என்று வாசகரை அழைக்கிறார். முதலில் அச்சொல் ரெகினாவையே குறித்தது என்று பின்னாளில் குறிப்பேட்டில் ஒப்புக்கொண்டார். பிறகு அது விரிந்து, அவருடைய தத்துவம் முழுவதற்கும் திறவுகோலாயிற்று. கூட்டமாகச் சேர்ந்து யாரும் கடவுள்முன் நிற்க முடியாது. நீ ஒருத்தியாக, உன் பெயரோடு நிற்க வேண்டும் என்பதே அதன் சாரம். அக்காலத்தில் ஹெகல் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெருந்தத்துவம் ஐரோப்பாவை ஆண்டது; உலக வரலாறு முழுவதையும் அது விளக்கிவிடும் என்று நம்பினர். எல்லாவற்றையும் விளக்கும் அந்த மாளிகைக்குள், அதைக் கட்டியவரே குடியிருக்கவில்லையே என்று கீர்க்ககார்ட் கேலி செய்தார். உண்மை என்பது மனப்பாடம் செய்து மதிப்பெண் பெறும் விடையன்று. வாழ்ந்து பார்க்க வேண்டியது. இதிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டில் இருத்தலியல் என்ற தத்துவநெறி கிளைத்தது. நம் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரும் 1998-இல் வெளியிட்ட 'நம்பிக்கையும் பகுத்தறிவும்' என்ற சுற்றுமடலில், அறிவின் செருக்கைக் கண்டித்த சிந்தனையாளர் வரிசையில் பாஸ்கலோடு இவர் பெயரையும் சேர்த்துள்ளார்.

1846-இல் 'கோர்சேர்' என்ற நையாண்டி வார இதழ், அவருடைய காற்சட்டையின் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று படம் போட்டுச் சிரித்தது. பின்பு தெருப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நடந்து பேசி மகிழ்ந்த தெருக்களே அவருக்கு அந்நியமாயின.

அவருடைய கடைசிப் போர் திருச்சபையோடு. நம் திருச்சபையோடு அன்று. டென்மார்க்கின் லூத்தரன் அரசுத் திருச்சபையோடு. அங்கே போதகர்கள் அரசு ஊழியர்கள். டென்மார்க்கில் பிறந்தவரெல்லாம் கிறிஸ்தவரே என்பது பொதுவான எண்ணம். எல்லாரும் கிறிஸ்தவர் என்றால் உண்மையில் ஒருவரும் கிறிஸ்தவரில்லை என்று வாதிட்டார் அவர். 1854-இல் ஆயர் மின்ஸ்டர் காலமானபோது அவரை உண்மையின் சாட்சி என்று புகழ்ந்ததைப் பொறுக்காமல், முதலில் செய்தித்தாளிலும், 1855-இல் 'தருணம்' என்ற தம் சொந்தச் சிற்றிதழிலும் சாடித் தீர்த்தார். பள்ளிப் பதிவேட்டில் மதம் என்ற கட்டத்தில் ஒரு சொல் எழுதிவிட்டால் போதும் என்றிருக்கும் நமக்கும் இதில் சூடு இருக்கிறது. எனினும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். கூடி வேண்டுவதிலும் ஓர் அருள் உண்டு. சபை மடத்தில் சேர்ந்து வாழும் நம் அருட்சகோதரியரைத் தினமும் பார்க்கும் எங்களுக்கு, அவர் அதைக் குறைத்தே மதித்தார் என்று படுகிறது.

1855 அக்டோபர் 2-ஆம் நாள் தெருவில் மயங்கி விழுந்தார். நற்கருணை வழிபாட்டிற்கென்றே உரைகள் எழுதியவர், அரசு ஊழியரான போதகர் கையிலிருந்து அதைப் பெற மறுத்துவிட்டார். போதகராயிருந்த அண்ணன் பீட்டரையும் பார்க்க மறுத்தார். நவம்பர் 11-ஆம் நாள், 42-ஆம் வயதில் மருத்துவமனையில் இறந்தார்.

ரெகினா 1847-இலேயே பிரெடெரிக் ஷ்லேகல் என்பவரை மணந்துவிட்டாள். 1849-இல் கீர்க்ககார்ட் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, கணவருக்கு எழுதிய கடிதத்தோடு இணைத்து அனுப்பினார். ஷ்லேகல் அதைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். 1855 மார்ச்சில் கரீபியக் கடலிலுள்ள டேனிஷ் தீவுகளுக்கு ஆளுநராகக் கணவர் புறப்பட்ட நாளன்று, ரெகினா தெருவில் கீர்க்ககார்டைத் தேடிச் சென்று, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

அவருடைய உயிலில், நிச்சயதார்த்தம் திருமணத்தைப் போலவே தம்மைக் கட்டியது, ஆகவே தம் உடைமையெல்லாம் ரெகினாவுக்கே என்று எழுதியிருந்தார். அவள் சொத்தை ஏற்கவில்லை. கடிதங்களையும் சில பொருள்களையும் மட்டுமே கேட்டு வாங்கினாள். ரெகினா அம்மையார் 1904 வரை வாழ்ந்தார். கீர்க்ககார்ட் அவளுக்கு எழுதிய கடிதங்கள் அவர் மறைவுக்குப் பின் அச்சேறின, நாமும் படிக்கலாம். தாம் அவருக்கு எழுதிய கடிதங்களை மட்டும் அந்த அம்மையார், யாரையும் கேட்காமல், எரித்துவிட்டார்.