எக்ஸ்பயர்ட்

நைட் டூட்டி முடிச்சு பஸ்ல உக்காந்து எழுதுறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். சாவு பத்தினது, இன்னிக்கு வேணாம்னு தோணினா ஸ்க்ரோல் பண்ணிடுங்க. யாருன்னு தெரியக் கூடாதுங்கிறதுக்காக சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

எம்பிபிஎஸ் முடிச்சு அரசு வேலையில சேர்ந்த முதல் வருஷம், ஆம்பூர் பக்கம். (2019-ல வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சதுல ஆம்பூர் திருப்பத்தூருக்குப் போயிடுச்சு. ஆனா அட்ரஸ் கேட்டா இன்னும் பாதிப் பேர் வேலூர் டிஸ்ட்ரிக்ட்னுதான் சொல்றாங்க.) ராத்திரி ஒம்பது மணி இருக்கும். நாப்பது வயசுக்காரர், நெஞ்சு வலி. ரொம்ப நேரம் சிபிஆர் பண்ணிப் பார்த்தோம். ஈசிஜில நேர்கோடுதான். வெளிய வந்தேன். அவர் மனைவி ஓவர்டைம் முடிஞ்சு ஷூ கம்பெனியிலிருந்து நேரா வந்திருந்தாங்க, கழுத்துல ஐடி கார்டைக் கூடக் கழட்டல.

"சாரிம்மா, உங்க ஹஸ்பண்ட் எக்ஸ்பயர்ட்"னு சொன்னேன்.

"அப்போ வேற மருந்து மாத்திப் போடுங்க சார்"னாங்க.

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் புரியல. அப்புறம்தான் தெரிஞ்சது, அவங்க வேலை பசை ஒட்டுற இடத்துல. பசை டின்ல தேதி போட்டிருக்கும். தேதி தாண்டிடுச்சுன்னா சூப்பர்வைசர்கிட்ட "எக்ஸ்பயர்ட்"னு சொல்லணும், புது டின் வரும். நாங்க போட்ட ஊசி தேதி முடிஞ்சதுன்னு நினைச்சுட்டாங்க. நான் தடுமாறி நிக்கும்போது எங்க சீனியர் சிஸ்டர் வந்து அவங்க தோளைப் பிடிச்சு, "உன் வீட்டுக்காரர் செத்துட்டாரும்மா"ன்னாங்க. அதுக்கப்புறம் வந்த அலறல் இன்னும் காதுல இருக்கு.

"செத்துட்டார்"ங்கிறது மரியாதை இல்லாத சொல்னு அதுவரைக்கும் நினைச்சிருந்தேன். நான் பயந்துக்கிட்டு ஒளிஞ்ச இடம்தான் அந்த இங்கிலீஷ்னு அன்னிக்கு உறைச்சது.

இத்தனைக்கும் எக்ஸ்பயர்ங்கிற வார்த்தை மேல தப்பில்ல. லத்தீன்ல மூச்சை வெளிய விடுறதுன்னு அர்த்தம். நம்ம "மூச்சு நின்னுடுச்சு"க்கு பக்கத்து வீடு. மருந்து டப்பாவுக்கும் பசை டின்னுக்கும் போய், மூச்சு வெளியேறி, தேதி மட்டும் மிஞ்சின வார்த்தை அது. ஆஸ்பத்திரில இந்த மாதிரி நிறைய வச்சிருக்கோம். கொலாப்ஸ்டு, பிராட் டெட், சிங்கிங். "பேஷண்ட் சிங்கிங்"னு ஒரு ஹவுஸ் சர்ஜன் போன்ல சொல்லிட்டு வச்சதும், பக்கத்துல இருந்த அட்டெண்டர் "யாரு சார் பாடுறது?"ன்னு கேட்டாரு. சிரிச்சோம். அந்த பேஷண்ட் விடியறதுக்குள்ள போயிட்டாரு.

பாருங்க, நானும் "போயிட்டாரு"ன்னுதான் எழுதுறேன்.

எங்க பக்கம் "பூட்டாரு"ம்பாங்க. வீட்டுக்குப் போனாலும் பூட்டாரு, செத்தாலும் பூட்டாரு. காலையில ரவுண்ட்ஸ்ல ஒரு பெட் காலியா இருந்தா "எங்க இவரு?"ன்னு கேக்கவே பயமா இருக்கும். சர்ச் வீடுகள்ல கர்த்தருக்குள் நித்திரை அடைஞ்சாங்க. தமிழ் பேசுற முஸ்லிம் வீடுகள்ல மவுத் ஆயிட்டாங்க. தெருமுனை பேனர்ல பொறந்ததுக்கு "தோற்றம்", செத்ததுக்கு "மறைவு", ஏதோ சூரியன் மாதிரி. சாமி கும்பிடாதவங்க வீட்டு பேனர்ல இயற்கை எய்தினார். ஒரே தெருவுல இத்தனையும் பார்க்கலாம்.

ராஜாக்களும் இப்படித்தான். திருவலம் தாண்டி மேல்பாடியில ராஜராஜ சோழன் தன் பாட்டன் அரிஞ்சயனுக்குக் கட்டின பள்ளிப்படைக் கோயில் இருக்கு. கல்வெட்டுல அந்தப் பாட்டன் "ஆற்றூர்த் துஞ்சின தேவர்". ஆற்றூர்ல தூங்கினவராம்! ஆயிரம் வருஷம் முன்னாடியே பெரிய மனுஷன் சாகக் கூடாது, தூங்கணும். ஆனா சாதாரண வீரனுக்கு வச்ச நடுகல்லைப் பாருங்க, ஆம்பூர்லயே பல்லவர் காலத்து நடுகல் இருக்கு. இந்த வட்டாரத்து நடுகல் பாஷையில மாடு மீட்கப் போய் சண்டையில செத்தவன் "பட்டான்". அவ்வளவுதான், நேரா. அவன் குடும்பத்துக்கு விட்ட நிலத்துக்குப் பேரு உதிரப்பட்டி. ரத்தத்துக்கு ஈடா நிலம்.

சாவும் சொத்தும் இப்படி ஒட்டிக்கிட்டே வருது. ஆம்பூர், வாணியம்பாடியில உருது பேசுற வீடுகள்ல சாவை "இந்திகால்"ம்பாங்க. அரபியில ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாறுறது. பஞ்சாப் பக்கமும் பாகிஸ்தான்லயும் பட்டா மாறுதலுக்கும் அதே இந்திகால்தான்! இங்கிலீஷ்ல பேப்பர்ல போடுற "டிமைஸ்" கூட முதல்ல சொத்தோ ஆட்சியோ கைமாறுறதுதான், சாவுங்கிற அர்த்தம் அப்புறம் வந்தது. இன்னிக்கும் வக்கீல் எழுதுற லீஸ் பத்திரத்துல "டிமைஸ்டு பிரிமைசஸ்"னு இருக்கும். செத்துப் போன கட்டடம் இல்லீங்க, வாடகைக்கு விட்ட இடம். "உயில்"னு நாம பழந்தமிழ் மாதிரி சொல்றதே இங்கிலீஷ் "வில்"தான். அதுக்கு முந்தி மரண சாசனம்னு ஒரு பேரு. எழுதி வைக்கிறதுக்கு அவங்க சொல்ற "பெக்வீத்"தோட வேர், வாயால சொல்றது. "அப்பா சொல்லிட்டுத்தான் போனாரு"ன்னு நம்ம ஊர்ல பஞ்சாயத்துல சொல்வாங்களே, அதேதான்.

அந்த வாக்கியத்தை ஒரு தடவை நேர்ல கேட்டேன்.

சின்னதா டேனரி வச்சிருந்த பெரியவர், எழுபது தாண்டினவர். நுரையீரல் மோசம், ஆக்சிஜன் ஓடுது. பெரிய பையன் என்னை ஓரமாக் கூப்பிட்டு, "அத்தா எல்லாம் பேசி முடிவு பண்ணதுதான் சார். கைநாட்டு வைக்கப் போறோம். நல்ல நினைவோட இருக்காருன்னு நீங்க ஒரு வரி மட்டும் எழுதிக் கொடுங்க"ன்னாரு. கையில பத்திரம் ரெடி. தங்கச்சி வராண்டாவுல நிக்குது, உள்ள கூப்பிடல.

முஸ்லிம் சட்டத்துல இதுக்குன்னே ஒரு பேரு இருக்கு, மர்ஸுல் மவுத். சாவுல முடியிற வியாதி. அந்தப் படுக்கையில கிடந்துக்கிட்டு தானமாக் கொடுத்தாலும் அது உயில் மாதிரிதான் கணக்கு. கடனும் அடக்கச் செலவும் போக மிச்சத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல, மத்த வாரிசுங்க சம்மதிக்காம செல்லாது. ஒரு வாரிசுக்கே கொடுக்கிறதா இருந்தா அந்த ஒரு பங்குக்கும் மத்தவங்க சம்மதம் வேணும். பிள்ளைங்க கட்டில சுத்தி நிப்பாங்கன்னு தெரிஞ்சேதான் அந்த விதியை வச்சிருக்காங்கன்னு எனக்குத் தோணும். வழக்கு வந்தா கோர்ட் கேக்கிறது எங்க கேஸ் ஷீட்டை.

பெரியவர்கிட்ட பேரு கேட்டேன், சொன்னாரு. எங்க இருக்கீங்கன்னேன். "மண்டியில"ன்னாரு. இன்னிக்கு என்ன கிழமைன்னதுக்கு, தோல் லாரி வந்துச்சான்னு என்னைக் கேட்டாரு. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினா இப்படித்தான் ஆகும். எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே கேஸ் ஷீட்ல நேரத்தோட எழுதி வச்சேன். பையன் கத்தல. "அத்தா சொல்லிட்டாரு சார், நீங்க எழுதலன்னாலும் சொல்லிட்டாரு"ன்னு மட்டும் சொன்னாரு. அவர் சொன்னது உண்மையாவும் இருக்கலாம். எனக்கு அது இன்னும் உறுத்துது.

விடிகாலை பெரியவர் இறந்தாரு. இந்தத் தடவை வராண்டாவுக்குப் போய், ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு, "அத்தா இறந்துட்டாங்க"ன்னேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்னேன். அந்தப் பொண்ணுதான் முதல்ல அண்ணன் கையைப் பிடிச்சுது. அதுக்கப்புறம் சொத்து என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது. கோர்ட்லேர்ந்து சம்மன் எதுவும் வரல.

அந்த ஷூ கம்பெனி அம்மாவை மட்டும் இன்னொரு தடவை பார்த்தேன். ஒரு ஏழெட்டு மாசம் கழிச்சு, ஜெராக்ஸ்ல அட்டஸ்டேஷன் வாங்க ஓபிக்கு வந்திருந்தாங்க. பிஎஃப் ஆபீஸ், பேங்க், வாரிசு சான்றுக்கு தாலுகா ஆபீஸ்னு அலைஞ்சிருக்காங்க. என்னை அடையாளம் தெரியல. எதுக்கும்மா இதுன்னு கேட்டேன்.

"வூட்டுக்காரரு எக்ஸ்பயர்ட் ஆயிட்டாரு சார்"னாங்க, டக்குனு.

நாலு காப்பி. கையெழுத்து போட்டு சீல் வச்சுக் கொடுத்தேன்.