லாக்கில் ஒரு முடிச்சு

எதையும் கட்டி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ரயிலில் பெட்டியைச் சங்கிலி போட்டுக் கட்டுவேன். காவிரிக் கரையில் வளர்ந்தவனுக்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்ததோ! தேம்ஸ் நதியில் அது என் மானத்தை வாங்கிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளையிடம் போயிருந்தோம். அவன் ஒரு சின்ன மோட்டார்ப் படகை மூன்று நாள் வாடகைக்கு எடுத்து, "ஆற்றோடு போகலாம், வாங்க" என்றான்.

பார்ப்பதற்குத்தான் அது ஆறு; உண்மையில் படிக்கட்டு. நெடுகிலும் 40-க்கு மேற்பட்ட இடங்களில் குறுக்கே அணை கட்டி நீரைத் தேக்கியிருக்கிறார்கள். மிச்சத் தண்ணீர், நம் ஏரிக் கலிங்கில் வழிகிற மாதிரி, ஒரு பக்கம் இரைந்துகொண்டு விழுகிறது. படகு அப்படி விழ முடியுமா? அதற்காகப் பக்கத்தில் மேலும் கீழும் கதவு போட்ட ஓர் அறை. அதுதான் லாக். ஒவ்வொரு ஜோடிக் கதவும் நீர் வரும் திசையைப் பார்த்துக் கூம்பி நிற்கும்; தண்ணீரின் பாரமே அதை இறுக மூடிவிடும். பத்து பீமசேனன் வந்தாலும் திறக்க முடியாது. சிறு மதகைத் திறந்து நீரை வடியவிட்டு இரு பக்கமும் சமமானால் சாதுவாகத் திறந்துகொள்ளும். அதுவரை படகுக்காரனுக்கு வேலை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுதான்.

சேப்பாக்கம் பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்தில் லாக் நகர் இருக்கிறதே, அது யாரோ லாக் துரையின் பெயர் என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். தேம்ஸில் வைத்துத்தான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் நாள் க்ளீவ் என்ற லாக்குக்கு வந்தோம். முதல் நாள் இரவு நான் ஒரு புத்தகம் படித்திருந்தேன், படித்திருக்க வேண்டாம். க்ளீவுக்கு அடுத்த கோரிங்கில் 1787-இல்தான் லாக் கட்டினார்களாம். அதற்கு முன் அணையின் நடுவே பலகைகளைப் பிடுங்கிவிட்டு, பாய்கிற வெள்ளத்தோடு படகை விடுவதுதான் வழக்கம்; மேலே ஏற வேண்டுமானால் கயிறு கட்டி இழுக்க வேண்டும். 1674-இல் அங்கே ஒரு படகு கவிழ்ந்து சுமார் 60 பேர் முழுகிப் போனார்கள். அந்த அறுபது பேரும் இரவெல்லாம் என் தூக்கத்தில் வந்து போனார்கள்.

"கரை முளையில் ஒரு சுத்துச் சுத்திக் கையில் பிடிச்சுக்குங்கப்பா. தண்ணி இறங்க இறங்க விட்டுக்கொடுக்கணும். கட்டிடாதீங்க" என்றான் பிள்ளை.

சரி என்றேன். அவன் பின்பக்கம் திரும்பியதும் கட்டினேன். இரண்டு முடிச்சு.

க்ளீவில் இறக்கம் இரண்டடி சொச்சம்தான். ஆனால் படகின் மூக்கு என் கயிற்றில் தொங்க, வால் மட்டும் இறங்கிற்று. காபி பிளாஸ்க் உருண்டது. "என்னங்க!" என்று அலறி என் மனைவி கம்பியைக் கட்டிக்கொண்டாள்.

"கயிறை விடுங்கப்பா! சொன்னேன் இல்ல?"

என் பிள்ளை என்னிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. விட எனக்கு மட்டும் ஆசையில்லையா? படகின் பாரம் முடிச்சை இரும்பாக்கிவிட்டது. லாக் காவலர் ஓடிவந்து மதகை மூடினார்; மேல் மதகைத் திறந்து மறுபடி நீரை ஏற்றினார். படகு எழும்பிக் கயிறு தளர்ந்த பிறகுதான் நகத்தால் பிய்க்க முடிந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முடிச்சை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். திட்டியிருக்கலாம்.

கோரிங் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர்தான். தேம்ஸில் இரண்டு லாக்குகளுக்கு நடுவே இவ்வளவு குறைந்த தூரம் வேறெங்கும் இல்லையாம். எனக்கு அது திருச்சிக்கும் சென்னைக்கும் உள்ள தூரமாக இருந்தது. யாரும் பேசவில்லை. நான் உள்ளே போய் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் பிளாஸ்கைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

நீர் விழும் இரைச்சல் கேட்டது. இங்கே இறக்கம் கிட்டத்தட்ட ஆறடி. பிள்ளை எஞ்சினைத் தணித்துவிட்டு வந்து, கயிற்றுச் சுருளை என் மடியில் வைத்தான்.

"அம்மாகிட்டக் கொடேன்" என்றேன்.

"நீங்கதான் பிடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு சுற்றுச் சுற்றினேன். நுனியைப் பிடித்தேன். தண்ணீர் இறங்கிற்று. பாசி படிந்த சுவர் எங்களைத் தாண்டி உயர்ந்துகொண்டே போயிற்று. ஈரக் கயிறு என் உள்ளங்கை வழியாக அங்குலம் அங்குலமாக நழுவிற்று. படகு தாம்பாளத்தில் வைத்த மாதிரி இறங்கியது.

கதவு திறந்தது. எஞ்சின் மறுபடி உறுமிற்று. கயிற்றைச் சுருட்டி வைத்தேன். க்ளீவில் போட்ட முடிச்சின் முறுக்கு அதில் அப்படியே இருந்தது.