மீட்டர் சொல்வதைக் கேள்

லேசர் வெட்டும் இயந்திரத்தின் உயிர் ஒரு கண்ணாடிக் குழாயில் இருக்கிறது. உள்ளே கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹீலியம் கலந்த வாயு. அதில் பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் பிறக்கிறது. 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இந்த லேசரை உருவாக்கியவர், மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல்.

என் அக்கா மகன் கடன் வாங்கி, நெல்லித்தோப்பில் 40 வாட் இயந்திரம் ஒன்று போட்டிருக்கிறான். அக்ரிலிக் பெயர்ப் பலகை, கல்யாணப் பரிசு எல்லாம் செய்கிறான். முதல் குழாய் ஒரு வருடம்கூட உழைக்கவில்லை. இரண்டாவது போட்ட கையோடு முகூர்த்த மாத ஆர்டர்கள் குவிந்தன.

"பவரை ஏத்திட்டா ஒரே ஓட்டத்துல வெட்டிடும் மாமா" என்றான். திரையில் 70 சதவீதம்தான் காட்டுகிறது, இன்னும் 30 மிச்சம் என்பது அவன் கணக்கு.

ஒதுக்கீடு இருக்கிறதே என்று மார்ச்சுக்குள் செலவழித்துத் தீர்க்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். அதே புத்திதான் இதுவும். அந்தச் சதவீதம் மின்சாரம் தரும் பெட்டியின் கணக்கு, குழாய் தாங்கும் அளவு அல்ல. பார்க்க வேண்டியது மில்லியாம்பியர் மீட்டரை. அது இல்லாவிட்டால் விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். இந்த அளவுக் குழாயை 15-இல் ஓட்டுவதும், 18-ஐத் தாண்டாமல் இருப்பதும் தொழில் செய்கிற பலரின் வழக்கம். குழாயோடு வந்த தாளில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் அதுவே வரம்பு.

அதற்கு மேல் ஏற்றினால் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. வாயு சூடானால் கதிரின் வலு குறையும். கார்பன் டை ஆக்சைடும் வேகமாகச் சிதையும். அடைத்து மூடிய குழாய் என்பதால் கடையில் வைத்து மறுபடி நிரப்ப வழியில்லை.

சரியாக வெட்டவில்லையா? முதலில் லென்சையும் உள்ளிருக்கும் கண்ணாடிகளையும் துடைக்க வேண்டும். ஃபோகஸ் சரியா என்று பார்க்க வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் 20 டிகிரி அளவில் இருப்பது நல்லது. புதுச்சேரி வெயிலில் வாளித் தண்ணீர் 30-ஐ எளிதாகத் தாண்டிவிடும். அதன் பிறகும் வெட்டவில்லை என்றால் வேகத்தைக் குறைக்கலாம், அல்லது இரண்டு முறை ஓட்டலாம்.

இரண்டு முறைதான் ஓட்டினான். அதனால் நேரம் போதாமல் மூன்று ஆர்டர்களை வேறு கடைக்கு அனுப்பும்படி ஆயிற்று. அந்த வரவு போனதில் அவனுக்கு வருத்தம்தான். ஆனால் கடனில் இன்னும் 14 தவணை பாக்கி இருக்கிறது. குழாயும் அதுவரை உழைத்தாக வேண்டுமே.