உவர்நீரில் ஒரு செந்நிறம்

அந்தலூஸ் என்றதும் நம்மவர் நெஞ்சில் எழுவன குர்துபாப் பள்ளிவாசலும் கர்னாத்தாவின் அல்ஹம்ராவுமே. அதே ஸ்பெயின் மண்ணின் தென்மேற்குக் கோடியில், ஒதியேல் ஆறு கடலோடு கலக்கும் முகத்தில் பரந்து கிடக்கும் உப்பளங்களை நாம் நினைப்பதில்லை. இன்று உவெல்வா எனப்படும் அவ்வூரை அரபியர் வல்பா என்றனர். அருகிலுள்ள சதுப்புத் தீவை ஷல்தீஷ் என்றனர். 11-ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் ஆண்டவரின் மகனாரே ‘அல்மஸாலிக் வல்மமாலிக்’ என்னும் நூலை யாத்த புவியியல் அறிஞர் அபூ உபைத் அல்பக்ரீ. அவர் தந்தையார் ஆண்ட அச்சதுப்பு நிலத்தில் நிகழும் விந்தையொன்றை நம் காலத்து ஆய்வாளர்கள் கண்டு எழுதியுள்ளனர்.

கடல்நீரினும் பன்மடங்கு உப்பேறிய நீரில் மீன் வாழாது. ஆங்கே வாழ்வது ஆர்ட்டீமியா என்னும் உப்பிறால். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள சிற்றுயிர். அதனைத் தின்னும் பூநாரையின் குடலில் ஒரு வகை நாடாப்புழு குடியிருக்கிறது. பறவையின் எச்சத்தோடு நீரில் விழும் புழுவின் முட்டையை இறால் தன் இரையோடு உட்கொள்ளுகிறது. முட்டையினின்று வெளிப்படும் இளம்புழு இறாலின் உடலுக்குள் உறை கட்டிக்கொண்டு காத்துக் கிடக்கிறது. மீண்டும் பூநாரையின் வயிற்றை அடைந்தாலன்றி அதற்கு வளர்ச்சி இல்லை.

இனித்தான் விந்தை. புழு குடிபுகுந்த இறால் சிவக்கிறது. மற்றவை ஆழத்தில் ஒதுங்கும் பகற்பொழுதில் இது நீரின் மேற்பரப்புக்கு ஏறி வருகிறது. பிரான்சின் கமார்க் பகுதியில் ஆய்ந்தோர், இவை கூட்டங் கூட்டமாய்த் திரள்வதையும் கண்டனர். இனம் பெருக்கும் ஆற்றலை இழந்தும், புழுவற்றவற்றினும் நெடுநாள் வாழ்கின்றன. நிறமும் ஆயுளும் தோழமையும் கொடுத்து, சந்ததியை விலையாக வாங்கிக்கொள்ளும் பேரம்! வாங்கிய கை, இறுதியில் உயிரையும் பறவையின் அலகில் வைத்துவிடுகிறது.

இதனை எடுத்துக்கொண்டு ‘நஃப்ஸ் என்னும் நாடாப்புழு’ என்று பயான் செய்ய நம் மேடைகளில் ஆளில்லாமற் போகாது. அப்பணியை அவர்களுக்கே விட்டுவிடுவோம். நம்மிடம் பாடம் ஓதும் பிள்ளைகள், “புழுவை அல்லாஹ் எதற்குப் படைத்தான், உஸ்தாத்?” என்று கேட்பதுண்டு. தீங்கு செய்வது எது, காப்பது எது என்பதை முன்பே முடிவு செய்துகொண்டு கேட்கும் கேள்வி அது. அம்முடிவை இந்த நீர் சற்றே கலக்கிவிடுகிறது.

ஒதியேலும் அண்டை ஆறான தின்தோவும் பல்லாயிரம் ஆண்டுச் சுரங்கத் தொழிலால் நஞ்சேறியவை. 2016-இல் வெளியான ஆய்வொன்றில், அவ்வாற்று முகங்களின் இறால்களை ஆர்சனிக் என்னும் பாஷாணம் கலந்த நீரில் இட்டுப் பார்த்தனர். புழுவற்றவை மிகுதியாக மடிந்தன. புழுவுடையவை கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. அவற்றின் உடலில் சிவப்பு நிறப்பொருளும் கொழுப்பும் மிகுந்திருந்தன. மனிதன் கெடுத்த நீரில், கெடுக்க வந்த புழுவே இறாலுக்குக் கவசமாகவும் நிற்கிறது, பூநாரை வரும் வரையில்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்க இறாலினம் ஒன்று மத்தியதரைக் கடலோர உப்பளங்களில் நுழைந்து நாட்டு இனத்தை விரட்டி வருகிறது. வந்தேறியை இப்புழுக்கள் அவ்வளவாகப் பற்றுவதில்லை. அதன் வெற்றிக்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பர் ஆய்வாளர். அண்டை நாடான போர்ச்சுகலின் உப்பளங்கள் பலவற்றில் நாட்டு இறாலைத் தேடித்தான் காண வேண்டும்.